அரிசி போதும், எண்ணெய் கொடுங்கள்: நம் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அண்ணன், பொருளாளர் அண்ணன், கமிட்டி அங்கத்தினர்கள் அனைவருக்கும்,

ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், இல்லாத வீடுகளுக்கு நாம் மாதாமாதம் கொடுக்கிற உணவுப் பை பற்றிப் புது விதிகள் வாசித்தீர்கள். பை வாங்க வருகிறவர்கள் ஆதார் ஜெராக்ஸ் தர வேண்டும். சபையில் பெயர் உள்ளவர்களுக்கே முதலில், மிச்சம் இருந்தால் வெளியாருக்கு. மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களைப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து, பொருள் கொடுத்த குடும்பத்தார் கையாலேயே வழங்கி, ஃபோட்டோ எடுப்பது. வாசித்து முடிப்பதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னேன். "கமிட்டி தீர்மானம்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில் வந்தது. அதோடு இது நம் ஒரு சபையின் சங்கதி மட்டும் இல்லை. பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கிற பல கோயில்களில் இன்று வாசலருகே ஒரு டிரம்மோ அட்டைப்பெட்டியோ வைத்து மளிகை சேகரிக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

இந்தச் சேகரிப்பை நிறுத்தச் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்த பிறகு வந்த வாரங்களில் நம் சபை ஹாலே குடோன் ஆனது உங்களுக்கும் மறந்திருக்காது. ஆட்டோ ஓடவில்லை, வீட்டு வேலைக்கு யாரையும் அபார்ட்மெண்ட் கேட்டுக்குள் விடவில்லை, கட்டட வேலை நின்றுபோனது. அன்றைக்கு ஒரு வீட்டில் பத்து கிலோ அரிசி இறங்கினால் அந்த வீடு மூச்சுவிட்டது. கமிட்டியில் இருந்தவர்கள் தங்கள் காரில் மூட்டை ஏற்றிப் போய் வீடு வீடாக இறக்கினார்கள். அதை யாரும் ஃபோட்டோ எடுக்கவில்லை, எடுக்க நேரமும் இல்லை.

அப்போது கட்டிய பைதான் இன்றுவரை. பத்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், உப்பு, டீத்தூள். பட்டியல் மாறவில்லை. ஊரில் நிலைமை மாறிவிட்டது.

2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசம். 2024 ஜனவரியிலிருந்து அதை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் அதற்கு மேல் மாநில அரசின் அன்ன பாக்கியா திட்டம். 2023 ஜூலையில் கூடுதல் ஐந்து கிலோவுக்கு அரிசி கிடைக்காமல் கிலோவுக்கு 34 ரூபாய் கணக்கில் ஆளுக்கு 170 ரூபாய் வங்கியில் போட்டார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து பணத்துக்குப் பதில் அரிசியாகவே கொடுத்தார்கள். நாலு பேர் உள்ள பி.பி.எல் (வறுமைக்கோட்டுக்குக் கீழே) கார்டு வீட்டில் மாதம் நாற்பது கிலோ தானியம். அப்புறம் அரசுக்கே தெரிந்துவிட்டது, இவ்வளவு அரிசியை வைத்துக்கொண்டு சனங்கள் என்ன செய்வார்கள் என்று. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை அந்தக் கூடுதல் ஐந்து கிலோவுக்குப் பதிலாகத் துவரம்பருப்பு, சமையல் எண்ணெய், சர்க்கரை, உப்பு அடங்கிய பை கொடுப்பது என்று தீர்மானம் போட்டது. மாநில அரசு இயங்குகிற விதான சவுதாவில் ஃபைல் நகர்கிற வேகம் நமக்கெல்லாம் தெரியும். அந்த ஃபைலே அரிசியிலிருந்து எண்ணெய்க்கு நகர்ந்துவிட்டது, நம் சபை ஹால் மட்டும் இன்னும் 2020லேயே நிற்கிறது.

கமிட்டியில் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. "நாம குடுக்கிற அரிசியைக் கொண்டுபோய் விக்கிறாங்க, அப்ப அவங்களுக்குப் பசி இல்லைன்னுதானே அர்த்தம்?" ஆமாம், சிலர் விற்கிறார்கள். ரேஷன் அரிசியையும் விற்கிறார்கள், நம் அரிசியையும் விற்கிறார்கள். விற்ற காசில் என்ன வாங்குகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? எண்ணெய் வாங்குகிறார்கள், கேஸ் நிரப்புகிறார்கள், பிள்ளைக்கு முட்டை வாங்குகிறார்கள், வாடகைக்குக் குறைகிறதை அடைக்கிறார்கள். வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது? அரிசி நிறைந்த வீட்டிலும் பசி இருக்கும். குழம்புக்கு வழியில்லாத பசி. சாயங்காலம் பிள்ளைகள் சோற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிற வீடுகள் நம் கோயில் மணி கேட்கிற தூரத்திலேயே இருக்கின்றன. அந்த வீட்டுக்கு நாம் பத்து கிலோ அரிசி கொண்டுபோகிறோம்.

சேகரிப்புப் பெட்டியில் வந்து விழுகிறதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பை கட்டுகிற மேஜையில் நிற்கிறவள் நான், ஆகவே தெரியும். பாதி கொடுப்பவர்கள் கடையில் வாங்கிப் புதிதாகக் கொண்டுவருகிறார்கள், கர்த்தர் அவர்களை ஆசீர்வதிக்கட்டும். மறுபாதியில் நம் அலமாரிகள் சுத்தமாகின்றன. ஓட்ஸ், பாஸ்தா, யாரோ டயட் தொடங்கி மூன்று நாளில் விட்ட கீன்வா, தேதி முடிந்த பிஸ்கட், பாதி தீர்ந்து ரப்பர் பேண்ட் போட்ட பிரியாணி மசாலா. ஒருமுறை சாலட்டில் ஊற்றுகிற ஆலிவ் எண்ணெய் வந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பாஸ்டரம்மா கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள்.

கொண்டைக்கடலையும் நிறைய வருகிறது. சத்துள்ள சாமான், குறை சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். போன தடவை ஓர் அம்மா பையை வாங்கினதும் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பிரித்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, கடலை பாக்கெட்டைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்து அதை என் மேஜையில் வைத்தார். "இது வேகறதுக்கு எவ்ளோ கேஸ் போகும் தெரியுமாக்கா? எங்கிட்ட குக்கர் இல்ல. வேற யாருக்காவது குடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த நம் சங்கத்து அக்கா ஒருவர், "குடுக்கிறதை வாங்காம, இதுல சாய்ஸ் வேற" என்றார், அந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே. கேஸ் கனெக்‌ஷன் இல்லாதவர்கள் சின்ன சிலிண்டரில் கிலோக் கணக்கில் நிரப்பித்தான் அடுப்பெரிக்கிறார்கள். பாசிப்பருப்பு கால் மணி நேரத்தில் வெந்துவிடும். கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் குக்கர் இல்லாமல் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கு நம் கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் அன்றுவரை தெரியாது. ஏனென்றால் நம் வீடுகளில் சிலிண்டர் தீர்ந்தால் ஃபோன் போடுகிறோம்.

நான் கேட்கிறது இதுதான்: பையில் என்ன இருக்க வேண்டும், எப்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை வாங்குகிறவர்கள் சொல்லட்டும். உணவுக் குழு என்று தனியாக ஒன்று அமையுங்கள். அதில் சரிபாதி பேர் பை வாங்குகிற வீடுகளிலிருந்து வரட்டும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சபை தொடங்கின புதிதில் எழுந்த முதல் உள்சண்டைகளில் ஒன்றே சாப்பாட்டுப் பங்கீட்டில்தான். எருசலேமில் தினமும் நடந்த விசாரிப்பில் கிரேக்கம் பேசுகிற விதவைகளைக் கவனிக்காமல் விட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் "கொடுத்ததை வாங்கிக்கொள்" என்று சொல்லவில்லை, அடையாளச் சீட்டு கொண்டுவரவும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையில் பந்தி விசாரணை போயிற்று என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஏழு பெயரையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். நம் உணவுப் பைக்குப் பொறுப்பாளர்களாக இருக்கிற ஐந்து பேரில் ஒருவர்கூட அந்தப் பையை வாங்கிச் சமைத்தவர் இல்லை.

அவர்களைக் கேட்டிருந்தால் கடைசி ஞாயிறு பதினொரு மணி என்று நேரம் வைத்திருக்க மாட்டீர்கள். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு ஞாயிறுதான் கனத்த நாள். வேலை கொடுத்த வீடுகளில் விருந்தாளி வருவார்கள், பாத்திரம் இரண்டு மடங்கு. கட்டட வேலைக்காரர்களில் பலருக்கு ஞாயிறு அரைநாள் வேலை உண்டு. வார நாளில் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் கோயில் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவைத்தால் போதும்.

அவர்களைக் கேட்டால் அரிசி யாருக்கு வேண்டும் என்றும் சொல்வார்கள். ஏனென்றால் அரிசி வேண்டியவர்கள் இருக்கிறார்கள், நம் கண்ணில்தான் படவில்லை. திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து தகர ஷெட்டில் தங்கிக் கட்டட வேலை செய்கிறவர்கள். கார்டு ஊரில் மாமியாரிடம் இருக்கும். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம், ஆனால் அந்த அரிசி ஓசூர் தாண்டினால் எல்லாருக்கும் கூட வராது. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்ற திட்டம் மத்திய அரசின் சட்டத்துக்குள் வருகிற கார்டுகளுக்குத்தான். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தால் பெங்களூர் ரேஷன் கடையில் விரல் வைத்து ஆளுக்கு ஐந்து கிலோ வாங்கலாம். வீட்டில் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் ஊரில் என்றால் பங்கைப் பிரித்தும் வாங்கலாம், ஊரில் இருக்கிறவர்களின் பங்கு அங்கே கெடாது. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்று இருந்தால் இங்கே ஒரு மணி அரிசியும் கிடையாது. இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைப் பல பேருக்கு யாரும் சொன்னதில்லை. பி.எச்.எச். கார்டு வைத்துக்கொண்டே இங்கே கடையில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரேஷன் கடைக்குப் போனால் "இது தமிழ்நாடு கார்டு, இங்க நடக்காது" என்று அனுப்பிவிடுகிறார்கள், அவர்களும் கன்னடத்தில் வாதாடத் தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள்.

அதே மாதிரிதான் ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகியிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்கள் கர்நாடகக்காரர்கள்தான், கன்னடமும் பேசுவார்கள், அவர்கள் கார்டு இங்கே செல்லும். சிக்கல் வேறு. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து, சிமெண்ட் கலந்து கலந்து விரல் ரேகை மெஷினில் விழாது. இ-கே.ஒய்.சி. என்கிற ஆதார் சரிபார்ப்பை முடிக்காததால் குடும்பத்தில் ஒருவர் பெயர் நின்றுபோகும், அவர் பங்கு போகும். யாராவது படித்தவர் கூடப் போய் நின்று பேசினால் பாதி சிக்கல் அங்கேயே தீரும். நம் சபையில் பேங்க் ரிட்டயர்டு எத்தனை பேர், தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! கன்னடம் நம்மைவிட நன்றாகப் பேசுகிற வாலிபர்கள் எத்தனை பேர்! மாதம் ஒரு சாயங்காலம் கோயில் வராந்தாவில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, கார்டைப் பார்த்து, ரேஷன் உதவி எண் 1967க்கோ, வெளியூர்க் கார்டு என்றால் 14445க்கோ பேசி, அவசியப்பட்டால் கடைவரை கூடப் போய் வந்தால், ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் அரிசி வர வழி திறக்கும். நாம் எத்தனை பை கட்டினாலும் அந்தக் கணக்குக்கு ஈடாகாது. இதற்கு வாலிபர் சங்கத்தில் ஆள் கேட்டேன், இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். கமிட்டி சம்மதம் வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

ஆதார் விஷயத்துக்கு வருகிறேன். ரேஷன் கடை ஆதார் கேட்கிறது, அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, உச்ச நீதிமன்றம் 2018ல் அரசு மானியங்களுக்கு அதை அனுமதித்தது. ஒரு கிலோ பருப்புக்கு நாம் எந்தச் சட்டத்தில் கேட்கிறோம்? கேட்டு வாங்கி என்ன செய்கிறோம்? போன வருஷம் ஒருதடவை வாங்கின ஜெராக்ஸ் காப்பிகள் இன்னும் வெஸ்ட்ரி (ஆயர் அறை) அலமாரியில் பழைய பாமாலைப் புத்தகங்களுக்கு அடியில் பாலிதீன் கவரில் கிடக்கின்றன. பெயர், பிறந்த தேதி, முகவரி, ஃபோட்டோ எல்லாம் சேர்த்து. அலமாரிக்குப் பூட்டும் இல்லை. தயவுசெய்து அவற்றை முதலில் கிழித்துப் போடுங்கள். ஒரே ஆள் இரண்டு பை வாங்கிவிடுவார் என்ற பயம்தானே? வாங்கட்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு பை கூடப் போகும். அறுப்பின் பண்டிகை பந்தலுக்கு நாம் செய்கிற செலவைப் பார்த்தால் அது ஒரு செலவா?

ஃபோட்டோ பற்றி. வலது கை, இடது கை வசனத்தை நான் எடுக்கப் போவதில்லை, அது எல்லாருக்கும் மனப்பாடம், அதனாலேயே யாருக்கும் உறைப்பதில்லை. வேறு ஒன்று சொல்கிறேன். 1876லிருந்து 78வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தாது வருஷப் பஞ்சம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது. மதராஸ் மாகாணம், மைசூர் சமஸ்தானம் எல்லாம் அதில் அடிபட்டது. அப்போது மதராஸ் குதிரைப்படையில் இருந்த ஹூப்பர் என்ற அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்தால் அவர்கள் யாரென்று தெரியாது, பெயர் கிடையாது, ஊர் கிடையாது. எடுத்தவர் பெயர் மட்டும் நூற்றைம்பது வருஷமாக நிற்கிறது. நம் சபை ஆண்டறிக்கையின் நடுப்பக்கத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பை கொடுக்கிறவரின் பெயர், குடும்பப் பெயர், அவருடைய மறைந்த தகப்பனார் நினைவாக என்ற வரி எல்லாம் படத்துக்குக் கீழே இருக்கிறது. வாங்குகிறவர் "பயனாளி".

கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்திக்கு வந்தவர்களில் ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் குடித்து வெறியாயிருந்தான் என்று பவுல் சீறுகிறாரே, அங்கே அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" அதே பீடத்துக்கு முன்னால், திருவிருந்து வாங்க எல்லாரும் ஒரே மாதிரி முழங்கால் போடுகிற இடத்தில், இவர்களைத் தனி வரிசையாக நிற்கவைப்பது ஆயர் ஐயாவுக்கே சங்கடமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை தன் அம்மா அங்கே நிற்கிறதைத் தன்னோடு பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை பாட வராது. அம்மாவும் வரமாட்டார். அப்போது கமிட்டியில், "வர வர தேவையுள்ளவங்க குறைஞ்சுட்டாங்க" என்று அறிக்கை எழுதுவோம்.

நம்மிடமே இதற்கு நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. அசனம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் பெரியவர்கள் கூடவே கொண்டுவந்தது. ஆடு வெட்டி, அண்டாவில் சோறு வடித்து, பாய் விரித்து எல்லாரும் உட்கார்கிறோம். கலெக்டர் ஆபீஸ் சூப்பிரண்டு பக்கத்தில் கோயில் வேலை பார்க்கிற கோயில் பிள்ளை உட்காருவார், யார் கொடுத்த ஆடு, யார் கொடுத்த அரிசி என்று இலையில் எழுதியிருக்காது. தெருவில் போகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தாலும் கறி விழும். அசனத்தில் யாரிடமும் ஆதார் கேட்டதில்லையே. அல்சூர் ஏரிக்கரை குருத்வாராவிலும் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் தரையில் உட்காரவைத்து ரொட்டியும் பருப்பும் போடுவார்கள், நீ எந்த மதம், எந்த ஏரியா என்று கேட்க அங்கே ஆளே கிடையாது.

சபையில் பெயர் உள்ளவர்களுக்கே முதலில் என்ற விதிக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. 2022ல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது, அன்பளிப்புக் கொடுப்பதும் ஆசை காட்டுவதில் சேரும் என்று எழுதியிருந்தார்கள். வெளியாருக்கு ஒரு பை கொடுக்கவே அப்போது நம் கை நடுங்கியது. 2023 ஜூனில் அதை ரத்து செய்வதாக அமைச்சரவை முடிவெடுத்தது. நம் பயம் இன்னும் ரத்தாகவில்லை. அதற்கு முன்னாலும் இந்த ஏச்சு நமக்குப் புதிதில்லை. அதே தாது வருஷப் பஞ்சத்தின்போது திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தபோது, சோற்றுக்கு வந்தவர்கள் என்ற பேச்சு கால்டுவெல் ஐயர் காலத்திலேயே எழுந்தது. நம்மில் சிலருடைய கொள்ளுப்பாட்டிகள் அப்படி வந்தவர்களாகவும் இருக்கலாம், நாம் விசாரிப்பதில்லை.

பயத்துக்குப் பரிகாரம் வெளியாரை ஒதுக்குவது இல்லை. பைக்குள் துண்டுப் பிரதி வைக்காமல் இருப்பது, பை கொடுக்கும் முன் ஜெபத்துக்கு உட்காரச் சொல்லாமல் இருப்பது, ஞாயிறு ஆராதனைக்கு வந்தால்தான் பை என்று மறைமுகமாகக்கூடச் சொல்லாமல் இருப்பது. இது மூன்றையும் தீர்மானமாகவே எழுதிக் கதவில் ஒட்டுங்கள், தமிழிலும் கன்னடத்திலும். சபையார் மட்டும் முதலில் என்றால் உண்மையில் யார் விடுபடுகிறார்கள் பாருங்கள்: கார்டு இல்லாதவர், பாஷை தெரியாதவர், நேற்று வந்தவர். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று நாம் கோயில் முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிறோம், அதுவும் போன வருஷம்தான் புது பெயிண்ட் அடித்தோம்.

காசு எங்கே என்று பொருளாளர் அண்ணன் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அறுப்பின் பண்டிகை வருகிறது. அன்று காணிக்கைப் பொருள்களை விடுகிற ஏலத்தில் நான் கை வைக்கச் சொல்லமாட்டேன், அது நம் சந்தோஷம். ஒரு சுரைக்காயை இரண்டு அண்ணன்மார் ரோஷத்துக்கு ஏற்றிக்கொண்டே போவதும், கடைசியில் எடுத்தவர் அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுப்பதும், வீட்டில் அக்கா முறைப்பதும், அதெல்லாம் இல்லாமல் அறுப்பின் பண்டிகையா? அந்த ஏலத்தில் சாயங்காலம் நடக்கிற கடைசிப் பகுதி, அந்தப் பகுதியின் வசூலை மட்டும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் என்று ஒதுக்குங்கள். மைக்கில் சொல்லியே ஏலம் விடுங்கள், விலை இன்னும் ஏறும். மொத்த வியாபாரக் கடையில் டின்னாக எடுத்தால் பாக்கெட்டைவிடக் கட்டுப்படியாகும், ஆனால் வீடுகளுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் பாக்கெட்டுத்தான் வசதி, டின் எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஆகவே பாக்கெட்டே வாங்குங்கள்.

வாசல் பெட்டியில் எழுதியிருக்கிற "உங்களால் இயன்றதைக் கொடுங்கள்" என்ற வாசகத்தையும் மாற்றிவிடலாம். மாதாமாதம் உணவுக் குழு சொல்கிற நாலைந்து சாமானை மட்டும் எழுதுங்கள். இந்த மாதம் எண்ணெய், பாசிப்பருப்பு, குளியல் சோப்பு, சானிட்டரி நாப்கின். ஆமாம், நாப்கினும்தான், அதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சம், எழுத நமக்குக் கூச்சம், நான் எழுதிவிட்டேன். தனியாக இருக்கிற வயதானவர்களுக்குப் பையே வேண்டாம், அதைத் தூக்கிக்கொண்டு அவர்களால் மாடி ஏற முடியாது, சமைக்கவும் முடியாது. பக்கத்தில் இந்திரா கேன்டீன் இருக்கிற இடங்களில் 2017லிருந்து ஐந்து ரூபாய்க்கு டிபனும் பத்து ரூபாய்க்குச் சாப்பாடும் கிடைக்கிறது. அவர்களை அழைத்துப் போகவோ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கவோ ஒரு வாலிபப் பிள்ளை இருந்தால் போதும்.

கைவசம் இருக்கிற அரிசியை என்ன செய்வது என்று கேட்டீர்கள் என்றால், அதை ஷெட்டுகளில் இருக்கிற, கார்டு இல்லாத குடும்பங்களுக்குக் கொண்டுபோய்விடலாம். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பை வாங்க வருகிறவர்களுக்கே தெரியும், அவர்கள் பக்கத்து ஷெட்டுத்தான். புழுங்கல் அரிசியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சோனா மசூரி நமக்குப் பிடிக்கும், வெயிலில் மூட்டை சுமக்கிறவர்கள் அது வயிற்றில் நிற்கவில்லை என்கிறார்கள்.

உணவுக் குழுவில் சேர மூன்று பேரிடம் பேசிவிட்டேன். இரண்டு பேர் நம் சபையார், ஒருவர் இல்லை, யாதகிரிக்காரர், அவருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். அவர்கள் பெயரை இந்த மடலில் எழுதவில்லை, காரணம் உங்களுக்கே தெரியும். கமிட்டி கூடுகிற அன்று நேரில் சொல்கிறேன். அவர்களால் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரைக்குமேல்தான் வர முடியும். வழக்கம்போல ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் வைத்தால் மூன்று பேருக்கும் அன்றைய வேலை போகும். ஆகவே இந்த மாதக் கூட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றி, வரும் ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லிவிடும்படி செயலாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
பை கட்டுகிற மேஜையில் நிற்கிற உங்கள் சபைச் சகோதரி,
பெங்களூர்